வாத்தியாருக்கும் வகுப்பு உண்டு



சென்ற திங்கள் எங்கள் இருப்புப்பாதைக் குடியிருப்பில் ஒரு மனு தயாராயிற்று. அதனை எழுதியவன் நானே. "நீ ஆபீஸ் குமாஸ்தா, மனு எழுதுவது உனக்குக் கை வந்த வேலை" என்று அண்டை அயலார் ஒருமுகமாகத் தீர்மானித்துவிட்டால் மறுப்பதற்கு வழி ஏது? இட்டார்சிச் சந்திப்பைச் சுற்றி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பன்னிரண்டு பேரும், இவ்வூர்க் குடும்பங்களில் இருபது பேரும் அதில் கையொப்பமிட்டனர்.

மனுவின் சாரம் இது: எங்கள் குழந்தைகள் பயிலும் பள்ளியில் ஆசிரியர்கள் ஓயாது பயிற்சி என்றும் பயிலரங்கு என்றும் சொல்லிப் போய்விடுகின்றனர், அந்நாட்களில் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் அடைக்கப்படுகின்றன, பாடம் நடைபெறுவதில்லை, ஆகவே பள்ளி நாட்களில் இத்தகைய பயிற்சிகளை அறவே நிறுத்த வேண்டும்.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இக்குழுவுக்கு வழி வகுத்தது. உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. நம்மவர்களிற் பலர் இக்குழுவின் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், 'தேநீர் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள், வேறென்ன?' என்று இருந்துவிடுகிறோம். நானும் அப்படி இருந்தவனே. இம்முறை மட்டும் கோபம் என்னை எழுப்பிவிட்டது.

கோபத்துக்குக் காரணம் என் இளைய மகளின் குறிப்பேடு. அவள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். இந்திச் சொல்வதெழுதலில் இருபது சொற்களுக்குப் பதினான்கு தவறு. பக்கம் முழுதும் சிவப்பு மை. அடியிலே, 'வீட்டில் கவனிக்கவும்' என்று ஆசிரியை எழுதியிருந்தார். என் மனைவியார் அன்றிரவு அவளை உட்கார்த்தி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். குழந்தை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள்; எல்லாவற்றையும் தவறாக எழுதினாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வடநாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழர்களுக்கு இத்தொல்லை புதிதன்று. இந்தியில் உணவுக்கும் 'கானா' என்று பெயர். பாட்டுக்கும் 'கானா' என்று பெயர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. அவர்கள் எழுத்தில் இரண்டும் வேறு வேறு. முன்னதில் மூச்சு வெளியே பாய்கிறது. பின்னதில் தொண்டை அதிர்கிறது. நம் நெடுங்கணக்கில் 'க' ஒன்றுதான். அது சொல்லின் முதலில் ஒருவாறும், இடையில் ஒருவாறும், மெல்லெழுத்தை அடுத்து வேறொருவாறும் ஒலிக்கும். எழுத்தை மாற்ற வேண்டுவதில்லை. அவர்களுக்கோ அவ்வோர் எழுத்தின் இடத்தில் நான்கு எழுத்துக்கள். க, ச, ட, த, ப என்னும் நம் ஐந்துக்கு எதிரே அங்கு இருபது நிற்கின்றன. தமிழ்க் காது உடைய குழந்தை அந்த இருபதில் எதை எடுப்பாள்? ஆசிரியை இதனைக் கற்பித்துச் சரி செய்வார் என்று பார்த்தால், அவரோ பயிற்சிக்குப் போய்விட்டார். ஐந்து நாள். அவ்வைந்து நாளும் ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரியான ஒரு சிறுமி கரும்பலகையில் எழுத, மற்றவர்கள் பார்த்தெழுதிக்கொண்டிருந்தார்கள். மனு பிறந்த கதை இதுதான்.

மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை பள்ளிக்குப் புறப்பட்டேன். வழியில் என் பழைய நடுநிலைப் பள்ளியைக் கடந்து போக நேர்ந்தது. கால் சற்று நின்றது.

என் தந்தையார் ரயில்வே ஊழியர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இவ்வூர்க் குடியிருப்பில். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, 1999 முதல் 2002 வரை, அரசு நடுநிலைப் பள்ளியில் இந்தி வழியில் படித்தேன். அப்பொழுது எங்கள் மாவட்டத்துக்கு ஹோஷங்காபாத் என்று பெயர்; 2022-இல் அது நர்மதாபுரம் ஆயிற்று. அம்மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பித்த முறை இந்தியா முழுதும் பேசப்பட்ட ஒன்று என்பது அன்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் விஞ்ஞான 'மாட்சாப்' மற்ற மாட்சாப்களைப் போன்றவர் அல்லர் என்பதே. மாட்சாப் என்பது இப்பக்கத்தில் வாத்தியாரை அழைக்கும் சொல்.

அம்முறை 1972-இல் பதினாறு பள்ளிகளில் தொடங்கிற்று. கிஷோர் பாரதி என்னும் தொண்டு நிறுவனமும், ரசூலியாவில் உள்ள நண்பர்கள் கிராம மையமும் சேர்ந்து, மத்தியப் பிரதேச அரசின் இசைவுடன் அதனை ஆரம்பித்தன. டில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் விஞ்ஞானிகள் ரயிலேறி வந்து, கிராமத்து வாத்தியார்களுடன் தரையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1982-இல் ஏகலவ்யா என்னும் அமைப்பு தோன்றி அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றது. 'பால வைக்ஞானிக்' என்னும் எங்கள் புத்தகத்தில் விடைகள் கிடையா. வினாக்களும் செய்முறைகளுமே உண்டு. நால்வர் நால்வராக உட்கார்ந்து இலைகளைப் பொறுக்கி வகைப்படுத்துவோம். பூவைப் பிளந்து உள்ளே பார்ப்போம். நாணயத்தைச் சுண்டிச் சுண்டித் தலை எத்தனை, பூ எத்தனை என்று கணக்கெடுப்போம். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம்! இதனை என் பாட்டியாரிடம் சொன்னபொழுது, "அப்படியும் ஒரு பள்ளிக்கூடமா?" என்று அவர் நம்ப மறுத்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வாத்தியாரைப் பற்றி. கோடை விடுமுறையில் நாங்கள் திருநெல்வேலிக்குப் போகப் பெட்டி கட்டும்பொழுது, எங்கள் மாட்சாப் பயிற்சிக்குப் பெட்டி கட்டுவார். ஏறக்குறைய மூன்று வாரம். ஒரு வகுப்புப் பாடத்துக்கு ஒரு கோடை என்ற கணக்கில், மூன்று வகுப்புக்கும் மூன்று கோடைகள் அப்படிப் போக வேண்டும். அங்கே அவருக்கு யாரும் பிரசங்கம் செய்யவில்லை. நாங்கள் வகுப்பில் செய்த சோதனைகளை அவரும் நால்வர் குழுவில் அமர்ந்து, எங்களைப் போலவே தப்பும் தவறுமாகச் செய்து பார்த்தார். "ஐம்பது வயதில் முதன்முறையாக ஒரு பூவைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். அதுவரை பூவின் பாகங்களைப் பற்றி இருபத்தைந்து வருஷம் பாடம் சொல்லியிருக்கிறேன்" என்று ஒருநாள் எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

கோடை முடிந்ததும் கதை முடிந்துவிடவில்லை. மாதந்தோறும் சுற்றுவட்டாரத்து விஞ்ஞான ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். அவ்விடத்துக்குச் 'சங்கம் கேந்திரம்' என்று பெயர். சங்கம் வைத்து மொழி வளர்த்தோம் என்று நாம் பெருமை பேசுகிறோம். இவர்களும் சங்கம் வைத்திருந்தார்கள், எதற்கென்றால், 'இந்தச் சோதனை என் வகுப்பில் பலிக்கவில்லை, ஏன்?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதற்கு. அன்றியும், பயிற்சி நடத்தியவர்கள் சில நாட்களில் எங்கள் வகுப்புக்கே வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். இன்ஸ்பெக்டர் என்று நாங்கள் பயந்தோம். அவர்களோ எங்கள் குழுவுடன் சேர்ந்து ஹாண்ட் லென்ஸைப் பிடித்தார்கள். எங்கள் மாட்சாப் 'எனக்குத் தெரியாது. செய்து பார்ப்போம்' என்று கூசாமல் சொல்லக் கற்றது அங்கேதான் என்று இப்பொழுது எண்ணுகிறேன்.

2002-இல் மாநில அரசு இம்முறையை நிறுத்திவிட்டு, மாநிலம் முழுமைக்கும் உரிய பொதுப் பாடநூலை இங்கும் கொண்டுவந்தது. உயர்நிலை வகுப்பின் மனப்பாடத் தேர்வுக்கு இம்முறை உதவவில்லை என்ற குறை ஊரிலும் பேசப்பட்டதுண்டு. அதனை முற்றும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். மெட்ரிக்குலேஷனுக்கு மேல் நான் ஏறாததற்கு வேறு காரணங்கள் இருந்தாலும், ஒன்பதாம் வகுப்பில் திணறியது உண்மையே. ஆயினும் அதே ஆண்டு என் தம்பி ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். அதே பள்ளி, அதே மாட்சாப். புதிய நூலிலே பூவின் படம் இருந்தது. பெயர்களை மனனம் செய்தான். கருவிப் பெட்டி மூலையில் துருவேறிக் கிடந்தது. சில சனிக்கிழமைகளில் மட்டும் மாட்சாப் பொறுக்கமாட்டாமல் அப்பெட்டியைத் திறந்துவிடுவாராம். அன்றைக்குத் தம்பி வீட்டுக்கு வந்து பேசும் பேச்சே வேறு. அரசு ஒரு திட்டத்தைப் பிடுங்கிவிடலாம். ஐம்பது வயதில் பூவைக் கீறிய கையிலிருந்து அதனைப் பிடுங்க முடியவில்லை.

இவ்வளவும் நினைவுக்கு வந்தபொழுது, சட்டைப் பையில் இருந்த மனு சிறிது கனத்தது. எனக்கு நன்றாகக் கற்பித்த ஒரே வாத்தியார், பயிற்சிக்குப் போய் வந்தவர். பயிற்சியே கூடாது என்று எழுதிக்கொண்டு நான் போகிறேன்.

தலைமையாசிரியையின் அறையில் என் மகளின் ஆசிரியையும் இருந்தார். மனுவைக் கொடுக்குமுன், "ஐந்து நாள் என்ன கற்றீர்கள், மேடம்?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் கோபிக்கவில்லை. "உண்மையைச் சொல்லட்டுமா?" என்று தொடங்கினார்.

மண்டபத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள். எதிரே வெண்திரை. திரையில் தோன்றிய வரிகளை ஒருவர் வாசித்தார். அவரும் அவற்றைத் தலைநகரில் வேறொருவர் வாசிக்கக் கேட்டு வந்தவர். அந்த வேறொருவர் டில்லியில் கேட்டவர். டில்லியில் காய்ச்சிய பால் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக்கொண்டு இங்கு வந்து சேருகிறது. மாலையில் வருகைப் பதிவேட்டில் கையொப்பம். ஐந்தாம் நாள் ஒரு புகைப்படம். "அண்ணா, என் வகுப்பில் ஒன்பது பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. அவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்க வேண்டும் என எழுதிக்கொண்டு போனேன். கேட்க இடமே வரவில்லை" என்றார். வடக்கத்தியார் நம்மை அண்ணா என்று அழைப்பது சில சமயம் கேலி. அன்று அது கேலியாகத் தோன்றவில்லை.

இது ஒரு பள்ளியின் குறை அன்று. தொகை பெருகும்பொழுது சத்துக் குறையும் சங்கடம் இது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் மத்திய அரசு 'நிஷ்டா' என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. தொடக்கக் கல்வி ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக ஏறத்தாழ 42 லட்சம் பேருக்குப் பயிற்சி என்பது இலக்கு. இத்தனை பேருக்கு ஓராண்டில் பயிற்சி தருவதென்றால், ஒருவர் பலருக்கும் அந்தப் பலர் மேலும் பலருக்கும் சொல்வதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது? கொள்ளைநோய் வந்தபின் 2020 முதல் அது 'தீக்ஷா' தளத்தின் வழியாக அலைபேசிக்கு ஏறிற்று. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் தலைமையாசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது இத்தகைய தொழில் வளர்ச்சியில் ஈடுபட வேண்டும் என்கிறது. ஐம்பது மணி என்பது எண்ணுவதற்கு எளிது. மணி நிறைந்ததா என்று பார்ப்பவர், குழந்தை படிக்கிறாளா என்று பார்ப்பதில்லை.

குழந்தை படிக்கிறாளா என்பதையும் சிலர் பார்த்திருக்கிறார்கள். 'அசர்' என்னும் ஆண்டறிக்கை, கிராமங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளைப் படிக்கச் சொல்லிக் கணக்கெடுப்பது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படிக்க முடிந்தவர்கள் 2022-இல் நூற்றுக்கு 20.5 பேர், 2024-இல் 27.1 பேர். ஏறியிருக்கிறது, மகிழ்ச்சியே. ஆனால் எஞ்சிய எழுபத்து மூவர் எவர் வீட்டுக் குழந்தைகள்?

இந்த எண்ணம் நேற்று முளைத்ததும் அன்று. 1952-53-இல் இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய ஏ. லட்சுமணசாமி முதலியார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகள் பட்டம் கொடுப்பதுடன் நின்றுவிடாமல், பணியில் உள்ள ஆசிரியர்களுக்கும் புத்துணர்ச்சி வகுப்புக்களும் பயிலரங்குகளும் நடத்த வேண்டும் என்று அக்குழு எழுதி வைத்தது. 1953-லேயே சிம்லா மலையில் உள்ள தாராதேவியில் தலைமையாசிரியர்களைக் கூட்டி ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள். 1964-66-இன் கோத்தாரிக் குழு, ஐந்தாண்டுப் பணிக்கு இரண்டு அல்லது மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றது. எழுதுவதில் நாம் ஒருபொழுதும் பின்தங்கியதில்லை!

நான் ரயில்வேக்காரன் ஆதலால் என் புத்தி ரயில்வேயிலேயே ஓடுகிறது. 'ஒர்க்‌ஷாப்' என்றால் எங்களுக்கு வண்டி பழுது பார்க்கும் கொட்டகைதான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே பழுதான சக்கரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை, சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். நிலைய அதிபர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை புத்துணர்ச்சி வகுப்புக்குப் போய் வர வேண்டும். புசாவல் போன்ற ஊர்களில் உள்ள பயிற்சிப் பள்ளிகளில் மாதிரி அறை உண்டு. மேசைமேல் சிறிய தண்டவாளமும் கைகாட்டியும் உண்மையான பிளாக் கருவியும் வைத்து, தவறினால் எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லாத இடத்தில் தவறிப் பார்க்கச் செய்வார்கள். வண்டி ஓட்டுபவர்களுக்கோ இதற்கு மேலும் ஒன்று உண்டு. லோகோ இன்ஸ்பெக்டர் இஞ்சினிலேயே ஏறிக்கொள்வார். ஓட்டுநரின் பக்கத்தில் நின்று, அவர் கைகாட்டியை எப்படிப் பார்க்கிறார், எங்கே பிரேக் பிடிக்கிறார் என்று கவனித்து, இறங்கும்பொழுது சொல்வார். அவரும் ஒரு காலத்தில் வண்டி ஓட்டியவர். ஆகவே அவர் சொல் ஏறுகிறது. வகுப்பறை என்னும் இஞ்சினில் நம் ஆசிரியையுடன் யார் ஏறுகிறார்கள்? 'வீட்டில் கவனிக்கவும்' என்று அவர் நமக்கு எழுதியதைப் போலவே, 'பள்ளியில் செயற்படுத்தவும்' என்று அவருக்கும் எவரோ எழுதி அனுப்பியிருக்கிறார்கள்; அவ்வளவே.

இதை அந்த அறையில் சொன்னேன். பிறகு மகளின் குறிப்பேட்டை விரித்து வைத்தேன். ஆசிரியை சற்று நேரம் அதனைப் பார்த்துவிட்டு, "பல மொழிக் குழந்தைகளைப் பற்றிய பாடம் ஒன்றை அலைபேசியில் முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். தாய்மொழியை மதிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மதிக்கிறேன். ஆனால் இவள் ஏன் இந்த எழுத்துக்களில் மட்டும் தவறுகிறாள்? தமிழில் எத்தனை எழுத்து என்றுகூட எனக்கு யாரும் சொன்னதில்லையே" என்றார்.

எழுதிக் காட்டக் காகிதம் வேண்டியிருந்தது. பையில் இருந்தது ஒரே காகிதம். முப்பத்திரண்டு கையொப்பங்களுடன் கூடிய அந்த மனுவைத் திருப்பி வைத்து, அதன் முதுகில் க, ச, ட, த, ப என்று எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் இந்தி எழுத்து நான்கு நான்காக எழுதினேன். ஆசிரியை விரலை வைத்து எண்ணினார். பிறகு குறிப்பேட்டின் பதினான்கு தவறுகளையும் அப்பட்டியலுடன் ஒத்துப் பார்த்தார். பன்னிரண்டு அதற்குள் அடங்கிவிட்டன. "இவளுக்குப் பதினான்கு தவறு இல்லை, ஒரே ஒரு தவறுதான்" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் ஐந்து நாள் அல்ல, ஐம்பது நாள் வெளியூர் போயிருந்தாலும் நான் பொறுத்திருப்பேன். ஆனால் அது வெளியூரில் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

தலைமையாசிரியை அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், தம் கதையைச் சொன்னார். தலைமையாசிரியர்களுக்கென்றும் பயிலரங்குகள் உண்டு. டில்லியில் தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனத்தில் 2012-இல் பள்ளித் தலைமைக்கென்று ஒரு தனி மையமே அமைந்தது. அதன் பாடத்திட்டத்தில் நிர்வாகம் ஒரு பகுதிதான். கற்பித்தலைச் சீராக்குவதும், ஆசிரியர் குழுவைச் சேர்த்து நடத்துவதும், ஊராரைத் துணைகொள்வதும் தனித் தனிப் பகுதிகள். அவ்வழி வந்த ஒரு பயிலரங்கில், 'சென்ற வாரம் நீங்கள் பிறர் வகுப்பில் எத்தனை நிமிடம் உட்கார்ந்தீர்கள்?' என்று கேட்டு, எழுதச் சொன்னார்களாம். அவர் சைபர் என்று எழுதினாராம். பக்கத்தில் இருந்தவரும் சைபர். மதிய உணவுக் கணக்கு, சீருடைக் கணக்கு, கணினியில் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரப் படிவம், தேர்தல் காலத்தில் வாக்காளர் பட்டியல் என்று நாள் போய்விடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் உதவி, தேர்தல் இவை தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் விலக்கி வைத்த அம்மூன்றுமே சிறியவையாக இருந்தால் அல்லவா?

அப்பயிலரங்குக்குப் பின் அவர் தினம் ஒரு பீரியட் ஏதேனும் ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்காருவதென்று வைத்துக்கொண்டாராம். வாரத்தில் மூன்று நாள் நடக்கிறது. மூன்று நாள் நடப்பதில்லை. இதனை அவர் மறைக்கவில்லை. ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் திரும்பிய பயிலரங்கு நல்ல பயிலரங்கு என்றே நினைக்கிறேன்.

மனு கெட்டுப் போயிற்று. வேறொன்று எழுத வேண்டியதாயிற்று. இம்முறை பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகவே எழுதினோம். ஒரே பள்ளியிலிருந்து பாதிக்கு மேற்பட்ட ஆசிரியர்களை ஒரே வாரத்தில் அழைக்கலாகாது என்றும், போய் வந்தவரின் வகுப்புக்கு ஒரு மாதத்துக்குள் யாரேனும் வந்து ஒரு பாடம் முழுதும் உடனிருக்க வேண்டும் என்றும், வட்டாரத்து ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடித் தம் தம் குறிப்பேடுகளை வைத்துப் பேசும் நேரத்தையும் அந்த ஐம்பது மணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டோம்.

குடியிருப்பில் எனக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. "அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டாயே, தம்பி" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பத்திரண்டு பேர் நம்பிக் கையொப்பமிட்ட காகிதத்தில் அரிச்சுவடி எழுதியது தவறுதான். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். அண்ணாச்சியின் பேரன் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான். அவன் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லி அதே பட்டியலுடன் ஒத்துப் பார்த்தோம். பதினொன்றில் எட்டு. அதன்பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. புதிய தீர்மானத்திலும் கையொப்பமிடவில்லை.

தீர்மானத்தின் முதற் கோரிக்கைக்கு இன்னும் பதில் இல்லை. இரண்டாவதுக்குப் பாதிப் பதில் வந்தது: வட்டாரத்துக் கல்விப் பணிக்கு உரியவரான ஜன சிக்ஷக் ஒருநாள் வந்து, முக்கால் மணி நேரம் வகுப்பில் இருந்துவிட்டுப் போனார். அவர் ஆய்வுப் புத்தகத்தில் என்ன எழுதினார் என்பது எங்களுக்குத் தெரியவரவில்லை. மாதக் கூட்டம் மட்டும் எவர் உத்தரவுக்கும் காத்திராமல் நடந்துவிட்டது. நான்கு பள்ளிகளிலிருந்து பதினோரு ஆசிரியர்கள் வந்திருந்தார்களாம். எங்கள் ஆசிரியை என் மகளின் குறிப்பேட்டையும் அந்தக் கெட்டுப்போன மனுவையும் எடுத்துச் சென்றார். கோண்டு மொழி பேசும் குழந்தைகள் மிகுந்த ஒரு கிராமப் பள்ளியின் ஆசிரியர் அங்கே ஒரு வழி காட்டினாராம்.

அவ்வழியை இங்கே எழுதிவிடுகிறேன். நம் வீடுகளிலும் செய்யலாம். மெல்லிய காகிதத்தை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, குழந்தையின் வாய்க்கு நேராக, நாலு விரற்கடை தூரத்தில் தொங்கவிட வேண்டும். உணவைக் குறிக்கும் 'கானா' சொன்னால் காகிதம் துள்ளும். பாட்டைக் குறிக்கும் 'கானா' சொன்னால் துள்ளாது. ஆனால் தொண்டையில் விரலை வைத்தால் முதல் எழுத்திலேயே அதிர்வு தெரியும். காகிதம் துள்ளினால் ஓர் எழுத்து, தொண்டை அதிர்ந்தால் ஓர் எழுத்து, இரண்டும் சேர்ந்தால் ஓர் எழுத்து, இரண்டும் இல்லாவிட்டால் நம் ஊர்க் 'க'. காதுக்குப் புலப்படாததைக் கண்ணுக்கும் விரலுக்கும் காட்டிவிடுகிறது. ஒரேயடியாக நான்கையும் தொடங்க வேண்டா. ஒரு வாரத்துக்கு இரண்டு போதும். என் மகள் இப்பொழுது வீட்டில் காகிதத்தை வைத்துக்கொண்டு அகப்பட்டவரையெல்லாம் பேசச் சொல்கிறாள். அவள் பாட்டியாருக்கு எந்தச் சொல்லிலும் காகிதம் துள்ளுவதில்லை!

சென்ற வாரச் சொல்வதெழுதலில் இருபதுக்கு ஏழு தவறு. ஆசிரியை சிவப்பு மைக்குப் பதில் பென்சிலால், எவ்வெழுத்து எவ்வெழுத்தாக மாறியது என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தமிழ், தெலுங்கு பேசும் வீடுகளின் குழந்தைகளுடைய குறிப்பேடுகள் இன்னும் பத்தேனும் வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். இட்டார்சியிலும் நர்மதாபுரத்திலும் உள்ள நேயர்கள், பிள்ளைகளின் பெயர் எழுதிய அட்டையை எடுத்துவிட்டு, சங்கத்து நூல் நிலையத்தில் கொண்டுவந்து சேர்க்கலாம். கூட்டம் நடைபெறும் சனிக்கிழமை எனக்கு அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் நாள். ஆகவே குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு என் மனைவியார் செல்கிறார்.